சீட்டின் பின்பக்கம்

2024 ஜனவரி 24 அன்று திருவனந்தபுரத்தில் கேரள அரசின் கிறிஸ்துமஸ்–புத்தாண்டு பம்பர் குலுக்கல் நடந்தது. முதல் பரிசு 20 கோடி ரூபாய். எக்ஸ்.சி. 224091 என்ற சீட்டுக்கு விழுந்தது. ஆள் யாரென்று சில நாள் தெரியவில்லை. பிறகு புதுச்சேரிக்காரர் என்று செய்தி வந்தது. வயது 33, வியாபாரம் செய்கிறவர், சபரிமலைக்குப் போய்விட்டு பத்மநாபசுவாமி கோயிலுக்கு வந்த இடத்தில் சீட்டு வாங்கியவர். சீட்டை லாட்டரி இயக்குநரகத்தில் கொடுத்துவிட்டு, பெயரை வெளியே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

கதிர்காமத்தில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. வழுதாவூர் சாலையில் எவர் கடைக்குப் புது ஷட்டர் போட்டாலும் சந்தேகம். அந்த வருஷம் மாலை போட்டு மலைக்குப் போய்வந்த இளவட்டங்களை எல்லாம் ஊர் ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தது. இந்திரா காந்தி சிலைப் பக்கம் டீ குடிக்கப் போன என்னிடமே ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “சார், உங்ககிட்ட கையெழுத்து வாங்க யாராச்சும் வந்தாங்களா?”

அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. புதுச்சேரி அரசின் வேளாண் துறையில் கெசட்டட் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. ஆனாலும் இந்த வீட்டில் பச்சை மைப் பேனாவோடு ஒரு மனுஷன் இருக்கிறான் என்று தெருவுக்குத் தெரியும். ஓய்வு பெற்றவன் போடும் அட்டெஸ்டேஷன் செல்லாது என்று சொன்னாலும், “பழைய தேதி போட்டுக் குடுங்க சார்” என்பார்கள். கல்லூரிச் சேர்க்கைக்கும் கேஸ் இணைப்புக்கும் போட்ட கையெழுத்துகளுக்கு நடுவே, லாட்டரிப் பரிசு வாங்கப் போனவர்களுக்கும் என் கையெழுத்து போயிருக்கிறது. பரிசு விழுவது ஒன்று, விழுந்தவன் நான்தான் என்று நிரூபிப்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இரண்டாவதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது, அதைத்தான் எழுதப்போகிறேன்.

கேரளத்தில் இ.எம்.எஸ். அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த பி.கே. குஞ்ஞு 1967-இல் அரசு லாட்டரியைத் தொடங்கினார். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. அதே 1968-இல் அண்ணா தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டைக் கொண்டுவந்தார். “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்ற வாசகம் கோரிமேட்டைத் தாண்டி எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தது. சிங்கப்பூர் அரசு ‘சிங்கப்பூர் பூல்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கியதும் அந்த வருஷம்தான். கள்ளச் சூதாட்டத்தில் போகும் காசு கஜானாவுக்கு வரட்டும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் காலத்துச் சீட்டில் எண் இருந்தது, குலுக்கல் தேதி இருந்தது, அரசு முத்திரை இருந்தது. வாங்கியவன் பெயர் மட்டும் இல்லை. கையில் வைத்திருப்பவன்தான் சொந்தக்காரன். கடைக்காரரிடம் ரசீதும் இல்லை, பதிவேடும் இல்லை. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி கட்டிய காரில் விற்ற சீட்டை யார் வாங்கினார் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இது நீதிமன்றம் வரை போன விஷயம். லாட்டரிச் சீட்டுக்கு விற்பனை வரி போடலாமா என்று எச். அன்ராஜ் என்ற வியாபாரி தமிழ்நாடு அரசை எதிர்த்துப் போட்ட வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சீட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன, குலுக்கலில் கலந்துகொள்ளும் உரிமை ஒரு சரக்கு, பரிசு பெறும் உரிமை பின்னால் வரக்கூடிய ஒரு கோரிக்கை என்று பிரித்துச் சொன்னது. 2006-இல் சன்ரைஸ் அசோசியேட்ஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவினையே தவறு என்றது. சீட்டு மொத்தமும் ஒரு கோரிக்கைதான், சரக்கு இல்லை என்றது. கோரிக்கை என்றால், கோருகிறவன் யார் என்று காட்டியாக வேண்டும்.

ஆனால் ஆள் யார் என்று அரசு கேட்க ஆரம்பித்ததற்கு நீதிமன்றம் காரணமில்லை. வருமான வரிதான் காரணம். 1972 வரை லாட்டரிப் பரிசு ‘வருமானம்’ என்ற கணக்கிலேயே வரவில்லை. இதில் ஒரு குறுக்குவழி கிடைத்தது. கணக்கில் காட்டாத பணம் வைத்திருப்பவர், பரிசு விழுந்த ஏழையைத் தேடிப் பிடித்து, பரிசுத் தொகைக்கு மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்துச் சீட்டை வாங்கிக்கொள்வார். தான் ஜெயித்ததாக அலுவலகத்தில் கொடுப்பார். ஏழைக்குக் கூடுதல் ரொக்கம், பணக்காரருக்கு வெள்ளைப் பணம். பெயரில்லாத சீட்டு இதற்கு மிகவும் வசதி. 1972 நிதிச் சட்டம் லாட்டரிப் பரிசை வருமானத்தில் சேர்த்தது. பரிசு கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொள்ளும் 194பி பிரிவும் அப்போது வந்ததுதான். 1986-இல் 115பிபி பிரிவு வந்து, பரிசுக்குத் தனியாக 40 சதவீத வரி என்றாயிற்று. பின்னர் அது 30 ஆகக் குறைந்தது. சீட்டு வாங்கிய செலவைக்கூடக் கழிக்க முடியாது.

வரி பிடிக்கவேண்டும் என்றால் யாரிடம் பிடித்தோம் என்று எழுதவேண்டும். அதற்குப் பெயர், முகவரி, கையெழுத்து வேண்டும். அந்த மூன்றையும் எழுதும் இடம் சீட்டின் பின்பக்கம்.

சரி, எழுதியவன் அவன்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? இன்றைக்கு ஆதார், பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் என்று பர்ஸ் நிறைய அட்டை வைத்திருக்கிறோம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சாதாரணக் குடும்பத்தில் இருந்தது ரேஷன் கார்டு ஒன்றுதான். அதில் படம் கிடையாது. படம் ஒட்டிய வாக்காளர் அட்டை 1993-இல் டி.என். சேஷன் உத்தரவிட்ட பிறகு வந்தது. ஆதார் 2010-இல் வந்தது. படம் ஒட்டிய அட்டைகள் வரும்வரை ஒருவரை இன்னார் என்று சொல்லும் காகிதம் நாட்டில் அனேகமாக இல்லை. சொல்லக்கூடிய மனிதர்கள்தான் இருந்தார்கள். வங்கி மேலாளர், தாசில்தார், தலைமையாசிரியர், கால்நடை மருத்துவர், என்னைப்போல ஒரு வேளாண் அதிகாரி. “இவரை எனக்குத் தெரியும்” என்று ஒருவர் பச்சை மையில் எழுதினால் அரசாங்கம் நம்பியது.

இந்த விஷயத்தில் புதுச்சேரிக்காரர்கள் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். 1880-இல் பிரெஞ்சு அரசு இங்கே கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பிரிவுகளை அமைத்தது. கதிர்காமம் உழவர்கரை கொம்யூனில் சேர்ந்தது. குழந்தை பிறந்தால் கொம்யூன் அலுவலகமான மேரிக்குப் போய்ச் சாட்சிகளோடு பதிவு செய்யவேண்டும், கல்யாணத்தையும் சாவையும் அங்கேதான் எழுதவேண்டும். இந்தியா முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. நான் 1952-இல் பிறந்தவன். என் பிறப்புப் பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறது, அப்பாவின் தொழில் உட்பட.

அதனால் சிக்கல் இல்லை என்று நினைக்கவேண்டாம். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ‘உ’ ஒலிக்கு இரண்டு எழுத்து, ஆங்கிலத்தில் ஒன்று. சுப்பராயன் ஒருவரே பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரியும் பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருப்பார். பிரெஞ்சுக் காகிதத்தில் முழுசாக நின்ற அப்பா பெயர், இந்தியக் காகிதத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடும். எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கிய சொல்தா குடும்பங்கள் இதற்காக நொத்தேர் (பிரெஞ்சு நோட்டரி) அலுவலகத்துக்கு நடந்த நடை கொஞ்சமில்லை. “இரண்டு பெயரும் ஒருவரே” என்று நான் போட்டுக்கொடுத்த சான்றுகளை அடுக்கினால் ஒரு ரேக் நிறையும்.

தொண்ணூறுகளில் என்னை மாஹேவுக்கு மாற்றினார்கள். புதுச்சேரி அரசு ஊழியனுக்கு மாஹே மாற்றல் என்றால் தண்டனை என்று ஒரு பேச்சு உண்டு. எனக்குப் பிடித்திருந்தது. மாஹே நம் யூனியன் பிரதேசம், சுற்றிலும் கேரளம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் நியூ மாஹே, அது கண்ணூர் மாவட்டம். தெற்கே அழியூர், அது கோழிக்கோடு. மாலையானால் கேரளத்துக்காரர்கள் விலை குறைந்த மதுவுக்காக இந்தப் பக்கம் வருவார்கள், மாஹேக்காரர்கள் லாட்டரிச் சீட்டுக்காக அந்தப் பக்கம் போவார்கள். இரண்டு அரசாங்கங்களுக்கும் லாபம்தான்.

ஒரு நாள் காலை என் அலுவலக வராந்தாவில் மீன் விற்கும் ஓர் அம்மா வந்து நின்றார். ஒரு லட்ச ரூபாய்ப் பரிசு. முண்டின் முடிச்சை அவிழ்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த சீட்டை எடுத்தார். உறையைத் தாண்டியும் மீன் வாசனை ஏறியிருந்தது, ஒரு ஓரம் ஈரத்தில் ஊதியிருந்தது, எண்ணும் வரிசை எழுத்தும் மட்டும் தெளிவாக இருந்தன. கூட வந்த பேரன் காகிதங்களை மேஜையில் பரப்பினான். பரிசு கோரும் விண்ணப்பம். சீட்டின் இரண்டு பக்கத்து ஜெராக்ஸ். இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய ரசீது. ரேஷன் கார்டு நகல்.

அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சீட்டின் பின்பக்கத்தில் இடது பெருவிரல் வைக்கவேண்டும். சாதாரணமாக நான் ஸ்டாம்ப் பேடை நகர்த்தி வைப்பேன், அவர்கள் விரலை அழுத்துவார்கள். இங்கே ஈரம் உறிஞ்சிய காகிதம், மை பரவினால் எண் கெட்டுவிடும், எண் கெட்டால் பணம் போச்சு. விரலை முதலில் பழைய கோப்பு அட்டையில் நாலைந்து முறை ஒற்றவைத்தேன். மை மெலிந்த பிறகு நானே அவர் விரலைப் பிடித்துச் சீட்டில் உருட்டினேன். மீன் செதில் உரசி உரசி விரலின் ரேகை பாதி தேய்ந்துபோயிருந்தது. பட்ட இடத்தில் நடுவில் ஒரு வெள்ளை வட்டம், ஓரத்தில் நாலு கோடு. அதற்குக் கீழே “என் முன்னிலையில் வைத்த இடது கைப் பெருவிரல் ரேகை” என்று எழுதிக் கையெழுத்திட்டு, அலுவலக முத்திரை குத்தினேன்.

ரேஷன் கார்டில் வீட்டுப் பெயரோடு சேர்ந்த பெயர், வாக்காளர் பட்டியலில் வெறும் பெயர். அதற்கும் ஒரு ‘ஒருவரே’ சான்று. வங்கி வழியாகச் சீட்டு போயிற்று, பணமும் வந்தது. கைக்கு வந்தது ஏன் ஒரு லட்சம் இல்லை என்று அந்த அம்மா பேரனைத் திட்டியதைத்தான் பிறகு கேள்விப்பட்டேன். ஏஜென்ட் கமிஷனும் வரியும் போன கணக்கை அவனால் பாட்டிக்குப் புரியவைக்க முடியவில்லை. அரசு லாட்டரி நடத்தும் யாரும் இதை முன்னாலேயே பெரிய எழுத்தில் போடுவதில்லை. முதலில் சொன்ன 20 கோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதக் கமிஷன் 2 கோடி. மீதி 18-இல் 30 சதவீதம் 5 கோடியே 40 லட்சம். கைக்கு 12 கோடியே 60 லட்சம். அதற்குப் பிறகும் கூடுதல் வரி, செஸ் என்று கணக்குத் தாக்கல் செய்யும்போது போகும்.

1998-இல் மத்திய அரசு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. சீட்டில் அரசின் முத்திரை இருக்கவேண்டும், குலுக்கலை மாநில அரசே தன் எல்லைக்குள் நடத்தவேண்டும், குறித்த காலத்தில் யாரும் கோராத பரிசு அந்த அரசுக்கே சேரும், வெளிமாநிலச் சீட்டைத் தடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையோடுதான் 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் லாட்டரியை மொத்தமாகத் தடை செய்தது. பூட்டான், சிக்கிம், நாகாலாந்து என்று கலர் கலராகத் தொங்கிய சீட்டுகள் போயின. சூதாட்டம் போகவில்லை. கடைசி மூன்று எண்ணைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கும் ‘மூணு நம்பர்’ வியாபாரம் தங்கிவிட்டது, புதுச்சேரிப் பத்திரிகைகளில் இன்றும் கைதுச் செய்தி வருகிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் உயிரை விட்டதற்கு இந்த மூணு நம்பர்தான் காரணம் என்று ஊரே பேசியது. அந்தத் துண்டுத்தாளுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. விழுந்தால் கொடுப்பான் என்பது அவன் தயவு.

கேரளத்தில் இப்போது முறை இதுதான். 5,000 ரூபாய் வரை கடையிலேயே கொடுத்துவிடுவார்கள், யார் என்ன என்று கேட்பதில்லை. ஒரு லட்சம் வரை மாவட்ட லாட்டரி அலுவலகம். அதற்கு மேல் என்றால் திருவனந்தபுரம் இயக்குநரகம், அல்லது வங்கி வழியாக. முப்பது நாளுக்குள் கொடுக்கவேண்டும். பான் அட்டை, அடையாள அட்டை, அட்டெஸ்ட் செய்த படம், நகல் எல்லாம் வேண்டும். பலர் பங்கு போட்டு வாங்கிய சீட்டு என்றால் ஒருவருக்கு முத்திரைத்தாளில் அதிகாரம் எழுதிக் கொடுக்கவேண்டும். வெளிமாநிலத்தவர் என்றால் இன்னொரு படி: எதற்குக் கேரளம் வந்தாய், எங்கே வாங்கினாய் என்று எழுதித் தரவேண்டும். 2023 திருவோணம் பம்பர் 25 கோடி, வாளையாரில் வாங்கிய சீட்டு, நாலு திருப்பூர்க்காரர்களுக்கு விழுந்தது. அது தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்ற சீட்டு என்று புகார் போயிற்று. அந்தச் சலசலப்பு அடங்குவதற்குள் எங்கள் புதுச்சேரிக்காரருக்கு விழுந்தது. சபரிமலை, பத்மநாபசுவாமி கோயில் என்று அவர் சொன்னது பக்திக் கதை மட்டும் இல்லை, அது விண்ணப்பத்துக்கு வேண்டிய ஒரு பத்தி.

இத்தனை காகிதத்தாலும் செய்யமுடியாத ஒன்று உண்டு. 2021 மார்ச்சில் ஆலுவா பக்கம் சீட்டு விற்கும் ஒரு பெண்ணிடம் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் ஒரு எண்ணைச் சொல்லி, எனக்கு எடுத்து வை, காசு அப்புறம் தருகிறேன் என்றார். சீட்டு அவள் கையில், காசு இன்னும் வரவில்லை. அதற்குத்தான் 6 கோடி விழுந்தது. பின்பக்கத்தில் அவள் தன் பெயரை எழுதியிருந்தால், அது தன் சீட்டு என்று வாடிக்கையாளர் நிரூபிப்பது கஷ்டம். அன்று இரவே அவர் வீட்டுக்குப் போய்ச் சீட்டைக் கொடுத்து 200 ரூபாயை வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷம் கழித்து மூவாற்றுப்புழையில் 75 லட்சம் விழுந்த ஒரு வங்காளத் தொழிலாளி, சீட்டோடு நேராகப் போலீஸ் நிலையத்துக்கு ஓடினார். தெரியாத ஊரில் தனக்குச் சாட்சி சொல்ல வேறு யாரும் இல்லை என்று அவருக்குப் புரிந்திருந்தது.

காசினோ இருக்கும் இடங்களில் கேள்வியை வாசலிலேயே கேட்கிறார்கள். பிரான்சில் குடியேறிய எங்கள் தெருப் பையன் ஒருவன் பாரிசுக்குப் பக்கத்தில் ஆங்கியான்-லே-பேன் காசினோவைப் பார்க்கப் போனான், அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போனதால் உள்ளே விடவில்லை. 2006 நவம்பர் முதல் அங்கே அட்டை காட்டாமல் நுழைய முடியாது. வயது குறைந்தவர்களும், சூதாட்டப் பழக்கத்தால் தடைப் பட்டியலில் இருப்பவர்களும் உள்ளே வரக்கூடாது என்பதற்காக. கோவாவிலும் 2020 பிப்ரவரியில் உள்ளூர்க்காரர்களுக்குக் காசினோவைத் தடுத்தார்கள், அங்கே அட்டை கேட்பது நீ கோவாக்காரன் இல்லையே என்று பார்க்க. அமெரிக்காவில் 2025 வரை இயந்திரத்தில் 1,200 டாலர் விழுந்தாலே இயந்திரம் பூட்டிக்கொள்ளும், ஊழியர் படிவத்தோடு வந்து அடையாளம் கேட்பார். பல பத்தாண்டுகள் அந்த வரம்புதான் நடைமுறையில் இருந்தது. ஜெயித்தவர் அட்டை காட்டும்வரை பணம் நிறுவனத்திடமே இருக்கும்.

பெயர் யாருக்குத் தெரியவேண்டும் என்பதில்தான் காலம் தலைகீழாகிவிட்டது. பிரான்சின் தேசிய லாட்டரி 1933 நவம்பர் 7 அன்று முதல் குலுக்கலை நடத்தியபோது, தாராஸ்கோன் என்ற சிற்றூரில் முடிதிருத்தும் ஒருவருக்கு 50 லட்சம் பிராங்கு விழுந்தது. பத்திரிகைகள் அவரை நாட்டுக்கே பிரபலமாக்கின, லாட்டரிக்கு அதைவிட விளம்பரம் வேண்டியதில்லை. இன்று அதே நாட்டில் ஜெயித்தவர் பெயரை வெளியே விடுவதில்லை. கேரளத்திலும் பல காலம் பரிசுக்காரர் மாலையோடு பத்திரிகையில் நிற்பதுதான் வழக்கம். 2022-இல் திருவோணம் பம்பர் 25 கோடி ஒரு ஆட்டோ ஓட்டுநருக்கு விழுந்தது. உதவி கேட்டு வாசலில் நின்ற கூட்டம் தாங்காமல், வீட்டில் நிம்மதியாக இருக்க முடியவில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அதன் பிறகு பெரிய பரிசுக்காரர்கள் ஒளிய ஆரம்பித்தார்கள்.

அது சரிதான் என்பது என் கட்சி. வருமான வரித்துறைக்கும் லாட்டரித் துறைக்கும் வங்கிக்கும் ஒருவர் யார் என்பது ஒளிவில்லாமல் தெரியவேண்டும். டீக்கடைக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. முப்பது வருஷம் அட்டெஸ்டேஷன் போட்டதில் நான் கற்றது, அந்தக் காகிதத்தை மடித்து உறையில் போட்ட பிறகு வாயைத் திறக்கக்கூடாது என்பதுதான். அன்று டீக்கடையில் கேட்டவரிடம், யாரும் வரவில்லை என்று சொன்னேன். வந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த கார்த்திகையில் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேரளத்தில் சீட்டு வாங்கினால் கடையை விட்டு நகருமுன் பின்பக்கத்தில் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கடை எந்த ஊரில் இருக்கிறது என்று ஒரு துண்டில் குறித்துவையுங்கள். கேரள அரசு இணையத்தில் சீட்டு விற்பதில்லை. வாட்ஸ்ஆப்பில் பரிசு விழுந்திருக்கிறது, ஆதார் நகலும் கட்டணமும் அனுப்பு என்று யாராவது கேட்டால், இரண்டையும் அனுப்பாதீர்கள்.